ட்வின்ஸ்ல பையனை மட்டும் யூகேஜி-லயே நிறுத்தலாமா, இல்ல ரெண்டு பேரையுமா?

நெல்லிக்குப்பம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா நீளமா எழுதியிருக்காங்க. அடையாளம் தெரியக்கூடாதுனு சில விவரத்தை மாத்தி, சுருக்கி இங்க தர்றேன். அவங்களுக்கு ட்வின்ஸ், மூத்தது பொண்ணு, அடுத்தது பையன். டாக்டர் குடுத்த டேட் ஆகஸ்ட் கடைசி, ஆனா பனிக்குடம் முன்னாடியே உடைஞ்சு 34 வாரத்துலயே, ஜூலை மூணாவது வாரம், சிசேரியன் பண்ணி எடுத்துட்டாங்க. பொண்ணு 2 கிலோ 100 கிராம், பையன் ஒன்றரை கிலோ, அவன் மட்டும் மூணு வாரம் இன்குபேட்டர்ல இருந்திருக்கான். இப்போ ரெண்டு பேரும் ஒரு தனியார் மெட்ரிக் ஸ்கூல்ல யூகேஜி, ஒரே செக்ஷன், ஒரே பெஞ்ச். பொண்ணு கடை போர்டு எல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறா, டிக்டேஷன் நோட்டு முழுக்க ஸ்டார். பையனுக்கு இன்னும் பென்சில் பிடிக்கவே சரியா வரல, இங்கிலீஷ்ல பி-யையும் டி-யையும் (b, d) திருப்பித் திருப்பி போடுறான், போர்டுல இருக்கறதை எழுதி முடிக்கறதுக்குள்ள பெல் அடிச்சிடுது, காலைல வேன் ஹாரன் கேட்டாலே வயிறு வலிக்குதுனு அழறான்.

போன மாச பேரன்ட்ஸ் மீட்டிங்ல மிஸ் சொல்லிட்டாங்களாம், "பாப்பா ஒண்ணாவதுக்கு ரெடி, தம்பி இன்னொரு வருஷம் யூகேஜி-லயே இருக்கட்டும்"னு. வீட்ல மாமியார், "அக்கா ஒண்ணாவது, தம்பி யூகேஜி-யா, நாலு பேரு என்ன பேசுவாங்க, பொட்டப்புள்ள தானே, ஒரு வருஷம் லேட்டா படிச்சா என்ன குறைஞ்சிடப் போகுது, அவளையும் சேத்து நிறுத்து"னு சொல்றாங்க. குவைத்ல இருக்கற வீட்டுக்காரர் போன்ல, "ரெண்டு பேரையும் மேல போடு, பையனுக்கு ட்யூஷன் வை, நாலு அடி போட்டா தானா வருவான்"ங்கறார். இந்த அம்மா ஒரு வேலைக்கும் போயிக்கிட்டு நடுவுல மாட்டிக்கிட்டு தவிக்கிறாங்க. ஸ்கூல் கட்டாயப்படுத்த முடியுமா, நிறுத்தினா ஒருத்தனா ரெண்டு பேரா, இப்படி கேட்டுட்டு கடைசில எழுதியிருக்காங்க: "மேடம், ஒரே வயித்துல ஒண்ணா இருந்த புள்ளைங்க, ஒண்ணா தான் சோறு ஊட்டுறேன், அவளுக்கு வர்றது இவனுக்கு ஏன் வரல, நான் எங்க தப்பு பண்ணேன்?"

அம்மா, உங்க கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், அது மனசுல கிடந்து அரிச்சுக்கிட்டே இருந்தா மத்த எதையும் நிதானமா யோசிக்க முடியாது. நீங்க எந்த தப்பும் பண்ணல. ஒரே வயித்துல இருந்தாங்க, அது சரி, ஆனா ஆணும் பொண்ணுமா பொறக்கற ட்வின்ஸ் ரெண்டு தனித்தனி கருமுட்டைல இருந்து வந்தவங்க, அவங்களுக்குள்ள இருக்கற ஒற்றுமை எந்த ஒரு அக்கா தம்பிக்கும் இருக்கற அளவு தான், பொறந்த நாள் மட்டும் தான் ஒண்ணு. அதுவும் உங்க பையன் பொண்ணை விட 600 கிராம் கம்மியா, டாக்டர் குடுத்த டேட்டுக்கு ஆறு வாரம் முன்னாடி வந்தவன். குறைமாசத்துல பொறந்த குழந்தைகள்ல ஆம்பளப் புள்ளைங்க பொம்பளப் புள்ளைங்களை விட கொஞ்சம் மெதுவா தான் வருவாங்கனு குழந்தை டாக்டர்கள் எல்லாருக்குமே தெரியும். ட்வின்ஸுக்கு பேச்சு, மொழி மத்த குழந்தைகளை விட கொஞ்சம் தாமதமா வர்றதும் சகஜம், அதுலயும் பசங்களுக்கு கூடுதலா. ஆக அவன் பக்கத்துலயே ஒரு சுட்டிப் பொண்ணு உக்காந்திருக்கறதால தான் அவன் இவ்ளோ பின்தங்கின மாதிரி தெரியுறான். அவன் ஒத்தப் புள்ளையா இருந்திருந்தா இதே பையனை "கொஞ்சம் மெதுவா எழுதுவான்"னு சொல்லிட்டு விட்டிருப்பாங்க.

இன்னொரு விஷயம், இதை நீங்க கவனிச்சிருக்கீங்களானு தெரியல, உங்க கடிதத்துலயே இருக்கு. தமிழ்நாட்டுல ஒண்ணாவது சேர 5 வயசு முடிஞ்சிருக்கணும், கணக்கு எடுக்கற தேதி ஜூலை 31. உங்க புள்ளைங்க பொறந்தது ஜூலை மூணாவது வாரம், அதாவது கெடு முடிய பத்து நாள் இருக்கறப்போ உள்ள வந்துட்டாங்க. வர்ற ஜூன்ல ஸ்கூல் திறக்கறப்போ அவங்களுக்கு 5 வயசு கூட முடிஞ்சிருக்காது, அதே கிளாஸ்ல அதுக்கு முந்தின ஆகஸ்ட்ல பொறந்த புள்ளைக்கு கிட்டத்தட்ட 6 ஆகப் போகும். அஞ்சு வயசுல ஒரு வருஷ வித்தியாசம்ங்கறது அந்தக் குழந்தை வாழ்ந்த வாழ்க்கைல அஞ்சுல ஒரு பங்கு. இப்போ டாக்டர் குடுத்த டேட்ல, ஆகஸ்ட் கடைசில பொறந்திருந்தாங்கனா? ரெண்டு பேருமே இப்போ எல்கேஜி-ல தான் இருந்திருப்பாங்க, இந்தப் பேச்சே எழுந்திருக்காது. குறைமாசக் குழந்தைக்கு முதல் ரெண்டு வருஷம் வளர்ச்சியைப் பாக்கறப்போ டாக்டருங்க அந்த வாரங்களைக் கழிச்சுட்டு தான் வயசு கணக்குப் போடுவாங்க, ஸ்கூல் அட்மிஷன்ல அப்படிக் கழிக்க யாரும் இல்ல.

பி-டி திருப்பிப் போடறது, கண்ணாடில பாத்த மாதிரி எழுதறது, இதெல்லாம் 7 வயசு வரைக்கும் நிறைய குழந்தைங்க பண்றது தான். பென்சில் பிடியும் அப்படித்தான், விரல் தசை பலப்பட நாள் ஆகும். நாலரை வயசுல நாலு கோடு நோட்டுல கர்சிவ் எழுத வைக்கறதே எனக்கு உடன்பாடு இல்லாத விஷயம், அது உங்க பையனோட குறையில்ல, அந்தப் பாடத்திட்டத்தோட அவசரம். அதுக்காக எல்லாமே சரியாயிடும்னு கண்ண மூடிக்கிட்டு இருங்கனு சொல்லல. அவன் காலைல வயிறு வலிக்குதுனு அழறானே, அது தான் எனக்கு இந்தக் கடிதத்துலயே பெரிய விஷயமா படுது, எழுத்து இல்ல.

நிறுத்தலாமானு கேக்கறதுக்கு முன்னாடி

அவன் ஏன் மெதுவா இருக்கான்னு தெரியாம நிறுத்தறதும் தப்பு, மேல தள்ளறதும் தப்பு. காது சரியா கேக்காத புள்ளையை ரெண்டு வருஷம் யூகேஜி-ல உக்கார வச்சாலும் ரெண்டு வருஷமும் கேக்காது.

முதல்ல காது. குறைமாசத்துல பொறந்து இன்குபேட்டர்ல இருந்த குழந்தைக்கு காது டெஸ்ட் கட்டாயம். பொறந்தப்போ பண்ணி நார்மல்னு வந்திருந்தாலும் இப்போ ஒரு தடவை பண்ணுங்க, அடிக்கடி சளி பிடிக்கற குழந்தைக்கு காதுக்குள்ள நீர் கோத்துக்கிட்டு பாதி கேக்கும் பாதி கேக்காது, வீட்ல பக்கத்துல இருந்து பேசறதால நமக்குத் தெரியாது, கிளாஸ்ல நாப்பது பேரு சத்தத்துல அவனுக்கு ஒண்ணும் புரியாது. அடுத்து கண்ணு. ஒன்றரை கிலோல பொறந்த குழந்தைக்கு அப்போவே விழித்திரை பாத்திருப்பாங்க, ஆனா குறைமாசக் குழந்தைகளுக்கு கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் பின்னாடி வர வாய்ப்பு அதிகம். போர்டுல இருந்து எழுதறது மட்டும் லேட் ஆகுதா, இல்ல புக்கை கிட்ட வச்சு எழுதினாலும் லேட்டானு வீட்ல ஒரு தடவை பாருங்க, டாக்டர் கிட்ட இதை சொன்னா அவருக்கு ரொம்ப உதவும். கூடவே ஒரு ரத்த டெஸ்ட், ரத்தசோகை இருக்கானு.

அப்புறம் மொத்த வளர்ச்சி எப்படி இருக்குனு ஒரு அசெஸ்மென்ட். பேச்சு, புரிஞ்சுக்கறது, கை வேலை, தானா சாப்பிட்டு தானா டிரஸ் போடறது, மத்த குழந்தைகளோட விளையாடறது எல்லாம் சேத்துப் பாப்பாங்க. ஆர்பிஎஸ்கே-னு 2013-ல கொண்டுவந்த குழந்தைகள் நலத் திட்டத்துல, குழந்தைகளோட வளர்ச்சித் தாமதத்தைப் பாக்கறதுக்குனே மாவட்ட அளவுல டிஇஐசி மையம் வச்சிருக்காங்க, கட்டணம் கிடையாது. கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கற மாவட்ட தலைமை ஆஸ்பத்திரில குழந்தைகள் பிரிவுல போய் கேட்டீங்கனா வழி சொல்லுவாங்க. சிதம்பரம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி போகலாம், பாண்டி ஜிப்மர் உங்களுக்கு பஸ்ல ஒரு மணி நேரம் சொச்சம் தான், கூட்டம் இருக்கும், விடிகாலைல கிளம்பி ஓபி சீட்டு போட்டுடுங்க. பொறந்தப்போ குடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, ஸ்கூல் நோட்டு ரெண்டு பேரோடதும், இதெல்லாம் கையோட எடுத்துட்டுப் போங்க.

ஒரு எச்சரிக்கை. இந்த வயசுல யாராவது பாத்த உடனே டிஸ்லெக்சியானு எழுதிக் குடுத்தா நம்பிடாதீங்க. கற்றல் குறைபாட்டை உறுதியா சொல்ல குழந்தைக்கு படிக்கக் கத்துக்குடுத்து கொஞ்ச வருஷம் ஆகியிருக்கணும், மூணாவது வகுப்பு இல்லனா 8 வயசு வாக்குல தான் அதுக்கான முறையான பரிசோதனை. அதே மாதிரி ஏடிஎச்டி, அதாவது கவனம் நிக்காம ஓவரா துறுதுறுனு இருக்கற பிரச்சினை. கிளாஸ்லயே வயசுல சின்னப் புள்ளைங்களுக்கு அந்தப் பேரு அதிகமா வைக்கறாங்கனு அமெரிக்கா, கனடால பண்ணின பெரிய ஆய்வுகள்லயே வந்திருக்கு, வயசுக்கு ஏத்த துறுதுறுப்பை நோயா பாத்துடறாங்க. உங்க பையன் கிளாஸ்லயே கடைக்குட்டி, ஞாபகம் வச்சுக்கோங்க.

ஸ்கூல் லீவுல இன்னொரு வேலை செய்ங்க, காசு செலவில்லாதது. பையனை மட்டும் தனியா ஒரு நாள் வெளில கூட்டிட்டுப் போங்க, சில்வர் பீச் போனாலும் சரி, மார்க்கெட் போனாலும் சரி, அக்கா இல்லாம. நீங்க எழுதியிருக்கீங்க, "அவனை எது கேட்டாலும் பாப்பா தான் முந்திக்கிட்டு பதில் சொல்லுவா"னு. ட்வின்ஸ்ல இது ரொம்ப நடக்கும், ஒருத்தர் ரெண்டு பேருக்கும் சேத்து பேசிடுவாங்க, இன்னொருத்தர் வாயைத் திறக்கவே தேவைப்படாது. ஒரே பெஞ்ச்ல உக்காந்தா ஸ்கூல்லயும் அதே கதை தான். தனியா இருக்கறப்போ அவன் எவ்ளோ பேசறான், எப்படிக் கதை சொல்றான்னு பாருங்க. கரும்பு லோடு டிராக்டர் போறப்போ ஒண்ணு ரெண்டுனு இருபது வரைக்கும் தப்பில்லாம எண்ணுவான்னு எழுதியிருக்கீங்களே, அந்த ஒரு வரி எனக்கு அவன் நோட்டை விட அதிகமா சொல்லுது. எண்ணுவான், ஞாபகம் வச்சுக்குவான், கவனிப்பான், எழுதத் தான் கை வரல.

சட்டம் என்ன சொல்லுது

இதுல உங்களுக்கு கொஞ்சம் குழப்பம் இருக்கு, உங்க வீட்டுக்காரர் "எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ் தானே, அவங்க எப்படி நிறுத்துவாங்க"னு சொன்னதா எழுதியிருக்கீங்க. அது பாதி சரி. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டத்தோட 16-வது பிரிவு தான் குழந்தையை எந்த வகுப்புலயும் நிறுத்தக்கூடாதுனு சொன்னது, 2019-ல அதைத் திருத்தி அஞ்சாவதுலயும் எட்டாவதுலயும் பரீட்சை வச்சு நிறுத்திக்கலாம்னு மாநிலங்களுக்கு இடம் குடுத்தாங்க, தமிழ்நாடு அதை எடுத்துக்கல, இங்க எட்டாவது வரைக்கும் நிறுத்தறதில்லங்கற கொள்கை தான் தொடருது. ஆனா இதெல்லாம் ஒண்ணாவதுல இருந்து. எல்கேஜி, யூகேஜி இந்தப் பாதுகாப்புக்குள்ள வராது.

அதனால தான் சில ஸ்கூல்ல யூகேஜி முடியறப்போவே இந்தப் பேச்சை எடுக்கறாங்க, ஒண்ணாவதுக்குள்ள போயிட்டா அப்புறம் நிறுத்த முடியாதுனு அவங்களுக்குத் தெரியும். உங்க மிஸ் அக்கறையில சொல்லியிருக்கலாம், நான் சந்தேகப்படல, ஆனா நீங்க சம்மதிக்கலனா அவங்க சொன்னதே முடிவாயிடாது. ஜூலை 31-க்குள்ள 5 வயசு முடியற குழந்தைக்கு ஒண்ணாவது சேர வயசுத் தகுதி இருக்கு. அந்த ஸ்கூல் பிடிவாதம் பிடிச்சா பக்கத்துல இருக்கற அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ அவனை ஒண்ணாவதுல சேத்துக்கும். அட்மிஷனுக்கு குழந்தையை டெஸ்ட் வச்சு வடிகட்டறதும் அதே சட்டத்தோட 13-வது பிரிவுப்படி தப்பு, முதல் தடவைக்கே 25,000 ரூபா வரைக்கும் அபராதம் போடலாம். எதுக்கும் ஸ்கூல் சொல்றதை வாய்வார்த்தையா விட்டுடாதீங்க, என்ன காரணத்துக்காக நிறுத்தச் சொல்றாங்கனு எழுத்துல கேளுங்க. எழுதித் தரச் சொன்னாலே நிறைய விஷயம் தெளிவாயிடும்.

ஒருத்தனை மட்டும் நிறுத்தினா

ஒரு கிளாஸ்லயே திரும்ப உக்கார வைக்கறதைப் பத்தி அமெரிக்காவுல தான் நிறைய ஆய்வு நடந்திருக்கு, அங்க அது சகஜம்ங்கறதால. பொதுவா வந்த முடிவு என்னனா, திரும்ப உக்காந்த வருஷம் குழந்தை கொஞ்சம் நல்லா பண்ணும், ஏற்கெனவே பாத்த பாடம் தானே, அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துல அந்த லாபம் கரைஞ்சிடும், ஏன்னா முதல்ல எதனால கஷ்டப்பட்டதோ அது அப்படியே இருக்கும். பெரிய வகுப்புல நிறுத்தினா பின்னாடி படிப்பையே விட்டுடற ஆபத்தும் கூடுது. சின்ன வயசுல நிறுத்தினா பாதிப்பு கம்மி, அதனால நிறுத்தியே ஆகணும்னா அதுக்கு யூகேஜி தான் நேரம், மூணாவதோ நாலாவதோ இல்ல.

இது ஒத்தக் குழந்தைக்கு. ட்வின்ஸுக்கு இதுமேல இன்னொண்ணு இருக்கு. தனியா நிறுத்தின குழந்தை ரெண்டு மாசத்துல புது ஃப்ரண்ட்ஸ் பிடிச்சுக்கும், பழைய கிளாஸை மறந்துடும். உங்க பையனுக்கு பழைய கிளாஸ் தினமும் வீட்டுக்கு வரும், பக்கத்துப் பாய்ல படுத்துத் தூங்கும். கல்யாண வீட்ல, கோயில் திருவிழாவுல, வேன்ல, பாக்கற ஒவ்வொருத்தரும் "ட்வின்ஸா, எந்த கிளாஸ்"னு தான் முதல்ல கேப்பாங்க, அவ ஒண்ணாவதுனு சொல்லுவா, இவன் யூகேஜி-னு சொல்லணும், அடுத்த கேள்வி "ஏன்"னு வரும். இந்த "ஏன்" அவன் பத்தாவது பரீட்சை எழுதற வரைக்கும், அவ காலேஜ் போயி இவன் ப்ளஸ் டூ உக்காந்திருக்கற வருஷம் வரைக்கும் வரும். பாப்பாவுக்கும் இது நல்லதில்ல, தம்பியை விட நான் உசத்திங்கற எண்ணமோ, இல்ல என்னால தான் அவனுக்கு அசிங்கம்ங்கற குற்ற உணர்ச்சியோ, ரெண்டுல ஒண்ணு வரும். நல்லா படிக்கிற புள்ளை தம்பிக்காக வேணும்னே மெதுவா எழுதறதை நான் பாத்திருக்கேன்.

அப்போ ஒருத்தரை மட்டும் நிறுத்தவே கூடாதா? அப்படியும் சொல்ல மாட்டேன். அசெஸ்மென்ட்ல எழுத்து மட்டும் இல்லாம பேச்சு, புரிதல், தன் வேலையைத் தான் பாத்துக்கறது எல்லாத்துலயுமே அவன் வயசுக்கு ஒரு வருஷம் பின்னாடி இருக்கான்னு வந்தா, அப்போ அவனை மட்டும் நிறுத்தறது நியாயமான முடிவு தான், ஆனா அதே ஸ்கூல்ல வேண்டாம், அவனுக்கு வேற ஸ்கூல் பாருங்க, அதோட தெரபி, அதாவது அவன் எதுல பின்தங்கியிருக்கானோ அதுக்கான பயிற்சி, அந்த ஏற்பாடும் கூடவே இருக்கணும். தெரபி இல்லாம சும்மா நிறுத்தினா ஒரு வருஷ ஃபீஸ் தான் போகும்.

ரெண்டு பேரையும் நிறுத்தினா

உங்க மாமியார் சொன்ன காரணத்தை நான் ஏத்துக்கவே மாட்டேன். "பொட்டப்புள்ள தானே"ங்கற ஒரு காரணத்துக்காக படிக்கத் தயாரா இருக்கற குழந்தையை நிறுத்தறது அவளுக்கு செய்யற அநியாயம். அஞ்சு வயசுல தம்பிக்காக நிறுத்தினா, பதினஞ்சு வயசுல தம்பி எந்த குரூப் எடுக்கறானோ அது, பதினெட்டுல தம்பி எந்த ஊர்ல படிக்கறானோ அங்க, இப்படியே போகும். பெரியவங்க மனசு நோகாம, ஆனா உறுதியா, இதை நீங்க தான் சொல்லணும், உங்க வீட்டுக்காரரும் கூட நின்னா நல்லது.

ஆனா காரணத்தைத் தள்ளி வச்சுட்டுப் பாத்தா, ரெண்டு பேரும் ஒரு வருஷம் கழிச்சு ஒண்ணாவது போறதுல ஒரு நியாயம் இருக்கு, அதையும் மறைக்காம சொல்லிடணும். 2020-ல வந்த தேசிய கல்விக் கொள்கை ஒண்ணாவதுக்கு 6 வயசுனு சொல்லுது. கேந்திரிய வித்யாலயால மார்ச் 31-க்குள்ள 6 முடிஞ்சிருந்தா தான் ஒண்ணாவதுல எடுப்பாங்க. உங்க புள்ளைங்களை அங்க சேக்கணும்னு வச்சுக்கோங்க, ஜூலைல பொறந்தவங்க அடுத்த மார்ச்ல அஞ்சே முக்கால் கூட ஆகியிருக்காது, அதுக்கும் அடுத்த மார்ச் வரைக்கும் காத்திருக்கணும். அதாவது இப்போ நீங்க ஒண்ணாவதுக்கு அனுப்பலாமானு யோசிக்கற நேரத்துக்கு கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கழிச்சு தான் அங்க இடம். நெய்வேலிலயோ பாண்டிலயோ அந்த ஸ்கூல்ல படிக்கற யாரும் தங்களுக்கு ரெண்டு வருஷம் வீணாப் போச்சுனு நினைக்கல. அதனால "ஒரு வருஷம் வேஸ்ட்"ங்கற பயத்தை மட்டும் தூக்கி கீழ வைங்க, அது முடிவை கெடுக்குது.

எனக்கு தயக்கம் பாப்பாவால தான். அவ ஏற்கெனவே படிக்கிறா, "ஒண்ணாவது புக் எப்போ தருவாங்க"னு கேக்கறாளாம். அவளைத் திரும்ப ஏ ஃபார் ஆப்பிள்ல உக்கார வச்சா சலிச்சுப் போவா, அந்த சலிப்பு சேட்டையா வெளிய வரும். அவளும் திணறிக்கிட்டு இருந்திருந்தா ரெண்டு பேரையும் நிறுத்துங்கனு யோசிக்காம சொல்லியிருப்பேன்.

என்னோட கருத்து

காது, கண்ணு, வளர்ச்சி எல்லாம் பாத்து பெரிய தாமதம் எதுவும் இல்லனு வந்தா, ரெண்டு பேரும் ஒண்ணாவது போகட்டும், வேற வேற செக்ஷன்ல. ட்வின்ஸைப் பிரிச்சா ஏங்கிப் போவாங்கனு பயப்படாதீங்க. இங்கிலாந்துல 1994-ல இருந்து 96-க்குள்ள பொறந்த ஆயிரக்கணக்கான ட்வின்ஸை வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்த ஆய்வுல, ஒரே கிளாஸ்ல படிச்சவங்களுக்கும் தனித்தனியா படிச்சவங்களுக்கும் படிப்புல சொல்லும்படியா வித்தியாசம் வரல. அப்போ மத்த காரணங்களைப் பாத்து முடிவு பண்ணலாம், உங்க வீட்ல அந்தக் காரணம் தெளிவா இருக்கு, அவனுக்காகப் பேச பக்கத்துல அக்கா இல்லாத ஒரு இடம் வேணும், அவன் நோட்டை அவ நோட்டோட ஒப்பிடாத ஒரு மிஸ் வேணும்.

ஒரே செக்ஷன் தான் இருக்குனு ஸ்கூல் சொன்னா பெஞ்சையாவது மாத்தச் சொல்லுங்க. எழுதறதைக் குறைச்சு வாயால பதில் வாங்கச் சொல்லுங்க. முதல் பெஞ்ச் கேளுங்க. இதுக்கெல்லாம் ஸ்கூல் ஒத்துக்கலனா எனக்கு ஸ்கூலை மாத்தறதுல தயக்கம் இல்ல. தமிழ்வழிப் பள்ளி, அரசுப் பள்ளினா தரம் கம்மினு உங்க கடிதத்துல ஒரு இடத்துல வருது, அந்த எண்ணத்தை கொஞ்சம் மறுபடி யோசிங்க. 2022-ல இருந்து அரசுப் பள்ளி ஆரம்ப வகுப்புகள்ல எண்ணும் எழுத்தும் திட்டம் இருக்கு, ஒரே வகுப்புக்குள்ளயே குழந்தை எந்த நிலைல இருக்குனு பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு அந்தந்த அளவுக்கு சொல்லித்தர்றாங்க. உங்க பையன் மாதிரி ஒருத்தனுக்கு தேவைப்படறது கிட்டத்தட்ட இது தான், வகுப்பு ஒண்ணாவது, ஆனா பாடம் அவன் நிக்கற இடத்துல இருந்து. தெரபி தேவைனு வந்தா வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர்கள் இருக்காங்க, அவங்களையும் கேக்கலாம்.

ட்யூஷன் வேண்டாம். அஞ்சு வயசுப் பையன் ஸ்கூல்ல ஆறு மணி நேரம் எழுதிட்டு வந்து சாயந்திரம் ட்யூஷன்ல இன்னும் ரெண்டு மணி நேரம் எழுதினா அந்த வயித்து வலி கூடத் தான் செய்யும். அதுக்குப் பதிலா சப்பாத்தி மாவு உருட்ட விடுங்க, துணி கிளிப் மாட்ட விடுங்க, மணல்ல விரலால எழுதட்டும், கை பலப்படற வழி அது. ராத்திரி ஒரு கதை, ரெண்டு பேருக்கும் தனித்தனியா முடிஞ்சா இன்னும் நல்லது. ரெண்டு பேர் நோட்டையும் ஒரே நேரத்துல திறந்து பாக்காதீங்க, பாப்பாவோட ஸ்டாரை இவன் முன்னாடி எண்ணாதீங்க, இது உறவுக்காரங்களுக்கும் சேத்து.

அடி விஷயம். உங்க வீட்டுக்காரருக்கு நான் சொன்னதா இதைப் படிச்சுக் காட்டுங்க. சார், நீங்க கடல் தாண்டி கஷ்டப்படறது இவங்களுக்காகத் தான், உங்க பயம் புரியுது. ஆனா பென்சில் பிடிக்க வராத கையை அடிச்சா பென்சில் பிடிக்க வராது, ஸ்கூல்னா அடினு தான் பதியும். ஸ்கூல்ல குழந்தையை அடிக்கக்கூடாதுனு கல்வி உரிமைச் சட்டத்தோட 17-வது பிரிவே தடை போட்டிருக்கு, வீட்ல அதை நாம செய்ய வேண்டாம். போன்ல பேசறப்போ படிச்சியானு கேக்காம, இன்னைக்கு எத்தனை டிராக்டர் பாத்தனு அவனைக் கேளுங்க, அவன் பேசுவான்.

அந்தக் காலை வயித்து வலியை விட்டுடாதீங்க. லீவு நாள்ல வலி இல்லாம ஸ்கூல் நாள்ல மட்டும் வருதுனா அவன் நடிக்கறான்னு அர்த்தம் இல்ல, வலி நிஜம் தான், காரணம் தான் வயித்துல இல்ல. கிளாஸ்ல யாராவது திட்டறாங்களா, பாத்ரூம் போக பயமா, வேன்ல பெரிய பசங்க ஏதாவது பண்றாங்களானு மெதுவா கேளுங்க, கேள்வி மேல கேள்வியா இல்லாம, விளையாடறப்போ நடுவுல.

டெஸ்ட் எல்லாத்தையும் ஏப்ரல், மே லீவுலயே முடிச்சிடுங்க, அது வரைக்கும் ஸ்கூல்ல எந்த லெட்டர்லயும் கையெழுத்து போட வேண்டாம், டாக்டர் ரிப்போர்ட் வந்ததும் சொல்றோம்னு சொன்னா போதும். ஒண்ணாவது போனான்னா முதல் மூணு மாசம் மார்க்கைப் பாக்காதீங்க, அழாம வேன் ஏறறானா, ஒரு ஃப்ரண்ட் பேராவது சொல்றானானு மட்டும் பாருங்க. காலாண்டுப் பரீட்சை முடிஞ்சும் அழுகை நிக்கல, எழுத்துல கொஞ்சம் கூட நகரலனா, அக்டோபர்ல அவன் நோட்டையும் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கிட்டு அதே டாக்டரைத் திரும்பப் போய்ப் பாருங்க.